பதினாலாவது வரி

எனக்கு முன்னாடி மூணு பேர் நிக்கிறாங்க. மூணு பேர் தோள்லயும் கம்பெனி குடுத்த அதே கறுப்புப் பை, என் தோள்லயும் அதே பை, என்னமோ பள்ளிக்கூடத்துல டி.சி. வாங்க நிக்கிற மாதிரி. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் எபினேசர் உக்காந்திருக்காரு. லேப்டாப்பைக் குடுக்கிறதும் அவர்தான், திருப்பி வாங்குறதும் அவர்தான். வாங்கி, அடியில இருக்கிற நம்பரைச் சரி பாத்து, ஒரு வயரைச் சொருகி எதையோ தட்டுவாரு. உள்ள இருக்கிறது அத்தனையும் அழிஞ்சு, நாளைக்கு வர்ற புதுப் பிள்ளைக்கு மெஷின் தயாராயிடும். எத்தனை மெஷினை அப்படி அழிச்சிருப்பாரோ, மனுஷன் முகத்துல ஒரு சலனம் கிடையாது, பக்கத்துல டீ ஆறிக்கிட்டிருக்கு. என் மெஷினுக்குள்ள ஒண்ணரை வருஷத் தமிழ் இருக்கு. வேற எங்கயும் இல்லை. வயித்துல குழாய் வச்சுக்கிட்டு வீட்டுலயே டயாலிசிஸ் பண்ணிக்கிறவங்களுக்காக ஒரு டேப்லெட். அடுத்து என்ன செய்யணும், அதுக்கடுத்து என்ன செய்யணும்னு திரையில ஒவ்வொண்ணா வரும். அதைத் தமிழ்ல எழுதினது நான். பென் டிரைவ் சொருகினா இந்த மெஷின் ஏத்துக்காது. வெளிய மெயில் போகாது. போன்ல படம் பிடிச்சுக்கலாம்னா, கேட்ல செக்யூரிட்டி கேமரா மேல சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ள விடுறான், அது கிழிஞ்சிருந்தா அதுக்குத் தனியா ஒரு விசாரணை. டீமோட பொதுப் பெட்டி இருக்கே, ரெப்போன்னு சொல்வோம், அதுல போட்டுடலாம்னா என் அனுமதியைக் காலையிலயே பிடுங்கிட்டாங்க. ஆக, இந்தப் பையைக் கீழ வச்சா அது போச்சு. வைக்காம நின்னா நான் திருடி. நல்லா இருக்கு கதை.

போச்சுன்னு சொல்றேனே, அது எப்பவோ போன கதைதான். காலையிலதான் எனக்கே தெரிஞ்சது. கடைசி நாள், செய்ய ஒரு வேலையும் இல்லை, காலண்டரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறதுக்கு இதையாவது பாப்போம்னு, என் தமிழ் ஃபோல்டரைப் பொதுப் பெட்டிக்குள்ள போகவிடாம எது மறைக்குதுன்னு மெஷினையே கேட்டேன். அதுக்குன்னு ஒரு கட்டளை இருக்கு. யாருக்கும் ஞாபகம் வர்றதில்லை, எனக்கும் வரலை, வந்திருந்தா என்னைக்கோ தலை தப்பியிருக்கும். ஒரே ஒரு வரியில பதில் சொல்லிச்சு. இக்னோர் ஃபைல்ல பதினாலாவது வரி. அந்த ஃபைல் எதுக்குன்னா, பொதுப் பெட்டிக்குள்ள எதெல்லாம் வரக்கூடாதுன்னு சொல்றதுக்கு. தற்காலிகமா உருவாகிற குப்பை, மூட்டை கட்டின பழசு, அந்த மாதிரி. முழுப் பேரும் எழுத வேண்டியதில்லை, ஒரு அச்சு மாதிரி எழுதினாப் போதும், அதுல பொருந்துறது எல்லாம் வெளிய நிக்கும். பதினாலாவது வரியில டி, ஏ, ஒரு ஸ்டார், கடைசியில ஒரு ஸ்லாஷ். டி ஏன்னு ஆரம்பிக்கிற ஃபோல்டர் எதுவா இருந்தாலும் வேண்டாம்னு அர்த்தம். டார்கெட்னு ஒரு குப்பை ஃபோல்டர் இருந்துச்சு, டேக்ஸ்னு ஒண்ணு, டார்பால்னு ஒண்ணு, மூணையும் தனித்தனியா எழுதச் சோம்பேறித்தனப்பட்டு எவனோ ரெண்டு எழுத்தோட முடிச்சுட்டான். ஸ்டார்னா அதுக்கப்புறம் எது வேணா இருக்கலாம், ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். தமிழ் ஃபோல்டரோட பேரு வெறும் டி ஏ. உலகம் முழுக்க மொழிக்கு ரெண்டு எழுத்துதான் வைப்பாங்க. தெலுங்குக்கு டி ஈ, அது பிழைச்சுது. கன்னடம், மலையாளம், இந்தி எல்லாம் பிழைச்சுது. முன்னாடி ஒரு ஸ்லாஷ் போட்டிருந்தாக்கூட மேல் தட்டோட நின்னிருக்கும், உள்ள இருக்கிற என் ஃபோல்டர் வரைக்கும் வந்திருக்காது. அதையும் போடலை. எத்தனை அறை உள்ள போய் ஒளிஞ்சாலும் தேடி வந்து பிடிச்சிருக்கு. எவனோன்னு சொன்னேன். எவன்னும் மெஷின் சொல்லும், அதுக்கும் ஒரு கட்டளை இருக்கு. வித்யாதரன். எங்க டீம் லீடு, நான் இந்த டீமுக்கு வர்றதுக்கு முன்னாடி போட்டது. என்ன மாத்தினோம்னு பக்கத்துல ஒரு குறிப்பு எழுதணும், அதுல 'சின்னச் சுத்தம்'னு எழுதியிருக்கான். சுத்தமாத்தான் பண்ணியிருக்கான்.

ஒருத்தர் உள்ள போயிட்டாரு, வரிசை ஒரு அடி நகர்ந்துச்சு. எனக்கு என்ன ஆத்திரம்னா, ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா அது. தினமும் சாயங்காலம் எல்லா மொழியையும் சேர்த்துப் பொதுப் பெட்டிக்கு அனுப்புவேன். மத்த மொழியெல்லாம் வெளியாளுங்க எழுதி அனுப்புறது, தமிழ் மட்டும் என் கை. எல்லாத்தையும் சேர்த்துக்கன்னு சொல்ற கட்டளைக்குக் கடைசியில ஒரு புள்ளி வச்சா போதும், அத்தனையும் போகும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். மொத்தமா எல்லாரும் வாங்கன்னு கூப்பிட்டா, ஒதுக்கி வச்சதை விட்டுட்டு மத்ததை அள்ளிக்கிட்டு அது பாட்டுக்குப் போயிடும், ஒரு வார்த்தை சொல்லாது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா மட்டும்தான், இது ஒதுக்கி வச்சது, சேர்க்கட்டுமான்னு வாயைத் திறக்கும். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு தடவை தமிழ் ஃபோல்டரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தா முடிஞ்சிருக்கும். எதுக்குக் கூப்பிடணும்? வீட்டுல எல்லாரும் சாப்பிட வாங்கன்னு சொன்னா எல்லாரும் வருவாங்கன்னுதானே நினைப்போம். என்னென்ன போகாம நிக்குதுன்னு பாக்கிற கட்டளையையும் தினமும் தட்டினேன், ஒண்ணும் நிக்கலை, எல்லாம் சுத்தம்னுதான் சொல்லிச்சு. ஒதுக்கி வச்சதை அது போகாத கணக்குலகூடச் சேக்கிறதில்லை. என் மெஷின்ல ஓட்டிப் பாத்தா தமிழ் பளிச்சுனு வருது, ஏன்னா ஃபைல் என் மெஷின்ல இருக்கு. மத்தவங்க மெஷின்ல தமிழைக் காணோம்னா, பிழைன்னு சொல்லாம இங்கிலீஷை எடுத்துக் காட்டிடும். தமிழைச் சோதிச்சியான்னு கேட்டா, சோதிக்கிற பொண்ணு பூனாவுல இருக்கா, அவளுக்குத் தமிழ் தெரியாது, மங்கை பாத்துட்டாங்கன்னு என் பேரைப் போட்டு எழுதி முடிச்சிருக்கா. இங்க இருக்கிற எங்க டீம்ல பதினோரு பேரும் தமிழ்தான். ஒருத்தன் ஒரு நாள் அந்தத் தமிழ் பட்டனை அழுத்திப் பாக்கலை. எதுக்குப் பாக்கணும், அவனுக்கா வயித்துல குழாய் இருக்கு.

இருக்கிறது எங்க வீட்டுக்காரருக்கு. பரமானந்தம்னா தாம்பரம் பக்கம் பாதிப் பேருக்குத் தெரியும், டிரைவிங் ஸ்கூல் நடத்தினாரு, பக்கத்து சீட்ல உக்காந்து கிளட்சை விடு, கிளட்சை விடுன்னு கத்தியே தொண்டை கட்டின மனுஷன். கிட்னி ரெண்டும் கையை விரிச்சதும் கார் போச்சு, ஸ்கூல் போச்சு, இப்ப ஒரு நாளைக்கு நாலு பை. வயித்துல இருக்கிற பழைய தண்ணியை வடிக்கணும், புதுப் பையில இருந்து நல்ல தண்ணியை உள்ள விடணும், சில மணி நேரம் அப்படியே இருக்கணும், திரும்ப வடிக்கணும். காலையிலயும் சாயங்காலமும் ராத்திரியும் நான் போடுவேன், மத்தியானப் பை மட்டும் அவரே. கம்பெனியில இந்த டேப்லெட் வேலை வந்தப்போ நானே கையைத் தூக்கினேன். யாரும் கேக்கலை, எனக்கே வேணும்னு இருந்துச்சு. இங்கிலீஷைப் பாத்து எழுதலை நான். அவருக்குப் பை மாட்டும்போது என் வாய்ல என்ன வருமோ அதை எழுதினேன். வடிக்கிற தண்ணி அரிசி கழுவின தண்ணி மாதிரி கலங்கி வந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்கன்னு எழுதினேன். ஃபேனை நிறுத்துங்க, ஜன்னலைச் சாத்துங்க, பேசாதீங்க, பேசணும்னா மாஸ்க்கைப் போட்டுக்கிட்டுப் பேசுங்கன்னு எழுதினேன். எழுதினதை அவர்கிட்ட வாசிச்சுக் காட்டுவேன். இது புரியலடி, இது என்ன கலெக்டர் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்குன்னு சொல்வாரு, அடிச்சுட்டுத் திரும்ப எழுதுவேன். ஒரு வரிக்கு நாலு தடவை, அஞ்சு தடவை. அந்த மனுஷனோட சண்டை போடாம பேசிக்கிட்டிருந்தது அந்த வேலையப்பதான். நடுவுல ஒரு தடவை கிருமி உள்ள போயிடுச்சு. அந்த வயித்து வலியை நான் சொல்லப்போறதில்லை. கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, மங்கை, யாரையாவது கூப்பிடுடின்னு, டிரைவிங் ஸ்கூல்ல கத்தின அதே தொண்டையில சத்தமே வராம கேட்டாரு. இன்னொரு தடவை வந்தா இந்த வழியே அடைஞ்சுபோயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் ஒவ்வொரு மத்தியானமும் சரியா அந்த நேரத்துக்கு எனக்கு இங்க சோறு இறங்காது, போன் அடிக்குதான்னு பாத்துக்கிட்டே இருப்பேன்.

ரெண்டாவது ஆள் உள்ள போயாச்சு. எனக்கு முன்னாடி நிக்கிற பையன் போன்ல சிரிக்கிறான், வேற எடத்துல சேந்துட்டான் போல. எனக்கும் ஒரு எடம் கெடச்சிருக்கு, சின்னக் கம்பெனி, அதைப் பத்தி எனக்குக் கவலை இல்லை. அந்த மீட்டிங்தான் தொண்டையில நிக்குது. ஆஸ்பத்திரியில இருந்து தமிழ் வரலைன்னு புகார் வந்து, மேல இருக்கிறவங்க எல்லாம் வந்து உக்காந்து, யாரு எவ்வளவு எழுதினாங்கன்னு திரையில ஒவ்வொருத்தர் பேருக்கும் ஒரு பட்டையைப் போட்டுக் காட்டினாங்க. என் பேருக்கு நேரா தமிழ்னு போட்டுப் பட்டையே இல்லை. மத்த மொழி நான்தானே சேர்த்தேன்னு சொன்னேன், அது வெளியாள் எழுதினது, உங்க கையால எழுதினது எங்கன்னாங்க. லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். இதோ இருக்கு பாருங்க, ஓட்டிக் காட்டுறேன் பாருங்க. வித்யாதரன் இங்கிலீஷ்ல சொன்னான், இது பொதுப் பெட்டியில இல்லை, எப்ப எழுதினதுன்னு எங்களால உறுதியாச் சொல்ல முடியாதுன்னு. நாசூக்காச் சொல்றானாம். புகார் வந்தப்புறம் ராத்திரியோட ராத்திரியா எழுதிக் கொண்டு வந்துட்டேன்னு அர்த்தம். நம்பாததை வாங்கிக்கவும் இல்லை, என்னை அந்த வேலையில இருந்து எடுத்துட்டு நோட்டீஸைக் கையில குடுத்துட்டாங்க. அவனுக்குக் காரியம் ஆகணும்னா நான் அக்கா. அவன் பொண்டாட்டி பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரி நல்லா இருக்கும்னு என்னைக் கேட்டுத்தான் சேத்தான். நாலு பேர் முன்னாடி மட்டும் மிஸஸ் மங்கையர்க்கரசி, முழுப் பேர், ஒரு எழுத்து குறையாம. சரி, அவனாவது ஆபீஸ். வீட்டுலயும் அந்த டேப்லெட் வந்து சேந்துச்சு, ஆஸ்பத்திரிக்காரன் கொண்டு வந்து வச்சுட்டுப் போனான். அவரு கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, என் பொண்டாட்டி எழுதினதுன்னு அந்த ஆள்கிட்ட சொல்லிட்டு, தமிழை அழுத்தினாரு. இங்கிலீஷ் வந்துச்சு. திரும்ப அழுத்தினாரு. திரும்ப இங்கிலீஷ். அன்னைக்கு அவரு என்னைத் திட்டியிருந்தாக்கூட நான் பதிலுக்கு நாலு பேசியிருப்பேன். சரி விடு, படம் போட்டிருக்கில்லன்னு சொல்லிட்டுக் கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டாரு. அவரும் நம்பிட்டாரு. நான் ஆபீஸுக்குப் போய் என்னத்தையோ பண்ணிட்டு வந்து, எழுதினேன் எழுதினேன்னு வீட்டுல கதை விட்டேன்னு நம்பிட்டாரு. அது எனக்கு மன்னிக்கவே முடியலை, யாரை மன்னிக்கிறதுன்னும் தெரியலை.

அந்த வரியைக் கண்டுபிடிச்சதும் வித்யாதரனுக்கு அனுப்பினேன். வரி நம்பர், என்ன எழுதியிருக்கு, யாரு எழுதினது, எல்லாம். பதிலுக்கு ஒரு கட்டை விரல் படம் வந்துச்சு. கட்டை விரல். அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும். இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, அவன் என்னை நினைச்சு அந்த வரியைப் போடலை. தமிழை நினைச்சும் போடலை. தமிழ் வேண்டாம்டான்னு ஒருத்தன் எழுதியிருந்தா அவனோட சண்டை போடலாம், ஒரு மரியாதையாவது இருக்கும். இவன் குப்பையைத் தள்ளினான், அதுல நாங்களும் பொருந்திட்டோம். அவ்வளவுதான். யோசிச்சுப் பாத்தா எல்லா எடத்துலயும் அப்படித்தான் நடந்திருக்கு. நாப்பது வயசுக்கு மேல இருக்கிற பொம்பளைங்களுக்குப் புதுசு ஏறாதுன்னு எவனோ எங்கயோ ஒரு வரி எழுதி வச்சிருக்கான், நான் போய் நின்னா பொருந்துது. வேலை இல்லாத புருஷன் இருக்கிற வீட்டைக் கல்யாணப் பத்திரிகையில விட்டுடலாம்னு சொந்தத்துல ஒரு வரி, அதுலயும் பொருந்தினோம், அவரு தங்கச்சி மக கல்யாணம் முடிஞ்சப்புறம்தான் போட்டோவைப் பாத்தோம். யாரும் கெட்டவங்க இல்லை. யாரும் திட்டமும் போடலை. அந்த ஃபைல்லயாவது ஒரு நியாயம் இருக்கு, கீழ இன்னொரு வரியில ஆச்சரியக்குறி போட்டு இதை மட்டும் விட்டுடுன்னு எழுதினா கடைசி வரி சொல்றதுதான் செல்லும். அதுலயும் ஒரு கொக்கி, மேல் ஃபோல்டரையே ஒதுக்கிட்டா உள்ள இருக்கிற ஒரு ஃபைலுக்குன்னு ஆச்சரியக்குறி போட்டுப் பிரயோஜனம் இல்லை, கதவைத் திறந்து உள்ளயே பாக்காது. என் ஃபோல்டருக்கு அந்தக் கஷ்டம்கூடக் கிடையாது, மேல் கதவு திறந்துதான் இருந்துச்சு, ஒரே ஒரு வரி போதும். ஒண்ணரை வருஷமா யாருக்கும் அந்த ஒரு வரிக்கு வழி இல்லை. மனுஷங்க விஷயத்துல யாரு போய் ஆச்சரியக்குறி போடுறது.

முன்னாடி இருந்த பையன் உள்ள போயிட்டான். அடுத்து நான். இந்த ஃபோல்டரை அவங்களுக்குக் குடுக்காம விட்டா என்னன்னு காலையில இருந்து யோசிக்கிறேன். ஒண்ணும் பேசாம மெஷினை வச்சுட்டுப் போயிடுவோம், அழியட்டும், நாளைக்கு ஆஸ்பத்திரிக்காரன் வித்யாதரன் கழுத்தைப் பிடிக்கட்டும், தமிழ் எங்கடான்னு கேக்கட்டும். அதை நினைச்சா ஒரு நிமிஷம் நெஞ்சு குளிருது. அடுத்த நிமிஷம், இவன் கழுத்தைப் பிடிச்சா எனக்கென்ன, பிடிக்கிற வரைக்கும் அந்த டேப்லெட்டை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறவங்க யாருன்னு தோணுது. என்னை மாதிரி ஒருத்தி பக்கத்துல இல்லாதவங்க. கண்ணு மங்கினவங்க. பரமானந்தத்துக்காவது படத்தைப் பாத்துச் செய்யற தைரியம் இருக்கு. அவருக்காக எழுதினதுதான், ஆனா அவருக்கு மட்டுமா எழுதினேன்? ஒவ்வொரு வரியிலயும் யாரோ ஒரு ஆள் தனியா உக்காந்து வாசிக்கிறதை நினைச்சுத்தானே எழுதினேன். ஐயோ, இந்த நல்லவ வேஷம் எனக்கே பிடிக்கலை. ஆனாலும் குடுத்துடணும்னுதான் மனசு சொல்லுது. என் பேரு வேண்டாம். அவன் எழுதினான்னு போட்டுக்கட்டும், பூனாக்காரி எழுதினான்னு போட்டுக்கட்டும். எனக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அவரு அந்தத் தமிழை அழுத்தினா நான் எழுதினது வரணும். அவ்வளவுதான் வேணும்னு நினைச்சதும் கண்ணு கரிச்சுக்கிட்டு வந்துடுச்சு, துடைச்சுக்கிட்டேன், இந்த ஆபீஸ்ல நான் அழுது யாரும் பாத்ததில்லை.

எபினேசர் பையை வாங்கி, லேப்டாப்பை எடுத்து, நம்பரைப் பாத்தாரு. உள்ள சொந்த ஃபைல் எதுவும் இருக்கா மேடம், எல்லாம் எடுத்தாச்சான்னு கேட்டாரு. எல்லார்கிட்டயும் கேக்கிறதுதான். நான் விஷயத்தைச் சொன்னேன், ஒரு ஃபோல்டர் உள்ள மாட்டிக்கிச்சு, அழிச்சா வேற எங்கயும் இல்லைன்னு. அவரு யோசிச்சாரு. உங்க லீடு ஒரு மெயில் போட்டா போதும், அழிக்காம ஓரமா வச்சிடுறேன், அவங்க வந்து எடுத்துக்கட்டும்னு சொன்னாரு. வித்யாதரனைக் கூப்பிட்டேன். ரெண்டு தடவை எடுக்கலை, மூணாவது தடவை எடுத்தான். சொல்லுங்கக்கான்னான், குரல்ல ஒரு பூ வச்ச மாதிரி. நான் சண்டைக்கு வரலை, ஒரு வரி மெயில் போடு, ஃபோல்டரை எடுத்துக்கோ, என் பேரே வேண்டாம்னு சொன்னேன்.

"அக்கா, தமிழ் போட்டாச்சு."

யாரு போட்டான்னு கேட்டேன். யாரும் போடலையாம். இங்கிலீஷை மெஷின்ல குடுத்தா அதுவே தமிழ் பண்ணிக் குடுத்துடுதாம், மத்தியானமே எல்லா டேப்லெட்டுக்கும் போயிடுச்சாம், ஆஸ்பத்திரியிலயும் தமிழ் வந்துடுச்சுன்னு சந்தோஷமாம். அந்தப் பதினாலாவது வரியையும் எடுத்துட்டானாம், அதைச் சொல்லும்போது எனக்கு உபகாரம் பண்ணின மாதிரி ஒரு தொனி.

"யாராவது படிச்சுப் பாத்தீங்களாடா?"

"படிச்சா என்னக்கா. இப்ப உங்க ஃபோல்டர் உள்ள வந்துச்சுன்னா, இத்தனை நாள் இது எங்க இருந்துச்சுன்னு கேப்பாங்க. அப்புறம் அந்த வரி வரும், என் பேரு வரும். இப்பதான் என்னை மேனேஜர் ஆக்குறேன்னு சொல்லியிருக்காங்க. விட்டுடுங்கக்கா."

கெஞ்சுறான். அதுதான் என்னைத் தூக்கிப் போட்டுடுச்சு. மிரட்டியிருந்தா எபினேசர் மேஜையைப் பிடிச்சுக்கிட்டு அங்கயே உக்காந்திருப்பேன், மேல வரைக்கும் போயிருப்பேன், கத்தியிருப்பேன். விட்டுடுங்கக்கான்னு கேட்டதும் எனக்கு ஒரு அலுப்பு வந்துச்சு பாருங்க, கால்ல இருந்து தலை வரைக்கும். இந்த ஃபோல்டர் உள்ள போகாம இருக்கிறதுதான் இப்ப எல்லாருக்கும் வசதி. முன்னாடி தெரியாம தள்ளினான், இப்ப தெரிஞ்சே தள்ளுறான், ரெண்டுக்கும் நடுவுல நான் காலையில இருந்து பட்ட பாடு. என்னமோ பண்ணுங்கடா, உங்க தமிழ், உங்க டேப்லெட், தலைமுழுகினேன்னு போனை வச்சேன். மெயில் வருமா மேடம்னு எபினேசர் கேட்டாரு. வராது, உள்ள ஒண்ணும் இல்லை, அழிச்சுடுங்கன்னு சொன்னேன். நான்தான் சொன்னேன், என் வாயால. அவரு வயரைச் சொருகித் தட்டினாரு. கறுப்புத் திரையில ஒரு கோடு இடது பக்கத்துல இருந்து நகர ஆரம்பிச்சுது. கையெழுத்தைப் போட்டுட்டு, அது பாதி போறதுக்குள்ள வெளிய வந்துட்டேன். நின்னு பாக்க நான் என்ன சுடுகாட்டுக்கா வந்திருக்கேன்.

லிஃப்ட்ல இறங்கி வர்ற வரைக்கும் ஒண்ணும் தோணலை. கேட்ல செக்யூரிட்டி என் போனை வாங்கி கேமரா மேல இருந்த ஸ்டிக்கரை உரிச்சுக்கிட்டிருக்கும்போதே அது அடிச்சுது. வீட்டுல இருந்து. சாயங்காலப் பைக்கு நான் போகணும், லேட் ஆயிடுச்சு, அதுக்குத்தான் கூப்பிடுறாருன்னு நினைச்சு, கிளம்பிட்டேங்க, பஸ்ஸைப் பிடிச்சா முக்கால் மணி நேரத்துல வந்துடுவேன்னு எடுத்த எடுப்புல சொன்னேன். அவரு சிரிக்கிறாரு. எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் அந்தப் பழைய தொண்டை.

"அவசரப்படாம வா மங்கை. தமிழ் வந்துடுச்சுடி. அழுத்தினேன், வந்துடுச்சு. நீ எழுதலைன்னு நான் ஒரு நாளும் நினைச்சதில்லை, தெரியுமா?"

ரோட்ல லாரி போகுது, செக்யூரிட்டி நகருங்க மேடம்ங்கிறான், நான் ஓரமா ஒரு மரத்தடிக்குப் போய் நின்னேன். அவரு பாட்டுக்குப் பேசிக்கிட்டே போறாரு. தமிழ்தான் வந்துடுச்சே, உனக்காகக் காத்துக்கிட்டு இருப்பானேன்னு நானே சாயங்காலப் பையை மாட்டிட்டேன், தண்ணியும் உள்ள போயிட்டிருக்கு, நீ வந்து டீயைக் குடிச்சுட்டு உக்காரு, இனிமே நீ இதுக்காக ஓடி வர வேண்டாம்ங்கிறாரு. எல்லாம் புரிஞ்சுதான்னு மெதுவாக் கேட்டேன். புரிஞ்சுது, புரிஞ்சுதுன்னாரு. கொஞ்சம் பெரிய தமிழா எழுதியிருக்க, மேல அதிகாரிங்க அப்படித்தான் எழுதணும்னு சொல்லியிருப்பாங்க, எனக்குத் தெரியாதான்னாரு. என்னைக் காயப்படுத்திடக் கூடாதுன்னு பாத்துப் பாத்துப் பேசுறாரு, அது எனக்குத் தெரியுது. ஒரே ஒரு எடம்தான் புரியலை, மாட்டுறதுக்கு முன்னாடி வர்றது, குடியரசு தினத்துல பேசுற மாதிரி ஒருமைப்பாடு அது இதுன்னு என்னவோ போட்டிருக்க, அதை விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிட்டேன்னாரு. வாசிங்கன்னேன். எதுக்குடி இப்பன்னாரு. வாசிங்கன்னேன். கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒவ்வொரு எழுத்தா வாசிச்சாரு. உறைப்பையின் ஒருமைப்பாடு பாதிக்கப்பட்டுள்ளமை கண்டறியப்படின் மேற்கொண்டு இணைப்புச் செயல்பாட்டைத் தவிர்க்கவும். எந்த எடம்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்த எடத்துல நான் எழுதினது, பையை ரெண்டு கையாலயும் அமுக்கிப் பாருங்க, எங்கயாவது கசிஞ்சா உள்ள கிருமி ஏறியிருக்கும், அதை மாட்டவே மாட்டாதீங்க, அப்படியே ஓரமா வச்சிடுங்கன்னு.

"பை மேல ஈரம் ஏதாவது இருந்துச்சாங்க?"

"லேசா இருந்துச்சு. துணியை வச்சு நல்லாத் துடைச்சுட்டுத்தான் மாட்டினேன். ஏன் கேக்கிற?"